காட்டாத கணக்கு

 

சென்ற மாதம் ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து வந்து, கடையை அடைக்கும் முன் நாலைந்து பேர் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர் உம்ராவுக்குப் புறப்பட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பேச்சு ஆகாய விமானப் பிரயாணத்தைப் பற்றித் திரும்பிற்று. இக்காலத்தில் பல சர்க்கார்கள் பெயர் ஜாபிதா வைத்திருக்கின்றன, அதில் பெயர் இருந்தால் விமானத்தில் ஏற விடமாட்டார்கள், என்ன காரணம் என்றும் சொல்லமாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். உம்ராவுக்குப் போகிறவர் சிரித்தார். "மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? நாம் என்ன தப்புச் செய்தோம், நம் பெயரை எழுத?" என்றார். எல்லோரும் ஆமென்று தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அந்தப் பழமொழி மனத்தை விட்டுப் போகவில்லை. பழமொழி பொய்யல்ல. ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. மடியில் என்ன இருக்கிறதென்று மடிக்கு உடையவனுக்குத் தெரியும். கனம் இல்லையென்றால் அவிழ்த்துக் காட்டிவிட்டு அவன் நடக்கலாம். அப்படி இருக்கும் வரைதான் பழமொழி நிற்கும். மடியைப் பார்க்காமலே, எங்கோ ஓர் அறையில் இருக்கும் ஏட்டில், "இவன் மடியில் கனம் உண்டு" என்று யாரோ எழுதிவைத்து, அந்த ஏட்டையும் காட்ட மறுத்தால், மடி சுத்தமாக இருந்து என்ன பயன்? எதை அவிழ்த்துக் காட்டுவது? யாரிடம் போய் இல்லையென்பது?

ஆகவே இங்கே நான் கேட்க நினைக்கும் கேள்வி ஒன்றே. ஒரு மனிதனைப் பற்றி எழுதிய கணக்கை அந்த மனிதனுக்கே காட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்பேரில் அவனைத் தடுப்பதும் தண்டிப்பதும் நியாயமா?

இது நமக்குச் சம்பந்தமில்லாத தூர தேசத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நமது சிலாங்கூர் மாநிலத்தில், செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை போதித்து, பின்னர் அத்துறைக்குத் தலைவியாகவும் இருந்த டாக்டர் ரஹீனா இப்ராஹிம் என்ற மலேசிய முஸ்லிம் பெண்மணிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இது கோர்ட்டுத் தீர்ப்பில் ஏறிய விஷயம்.

அவர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். 2005 ஜனவரி 2 ஆம் தேதி, 14 வயது மகளுடன் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு வந்தார். ஹவாய் வழியாகக் கோலாலம்பூருக்குப் பிரயாணம். சில காலத்துக்கு முன் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தபடியால் அவருக்குச் சக்கர நாற்காலி வேண்டியிருந்தது. டிக்கெட்டைக் காட்டினார். உடனே போலீசார் வந்து, அந்த அம்மாளின் கைகளில் விலங்கு மாட்டி, மகளின் கண் முன்னால் அழைத்துப்போய், சுமார் இரண்டு மணி நேரம் அடைத்து வைத்தார்கள். காரணம் சொல்லவில்லை. பிறகு விட்டுவிட்டார்கள். மறுநாள் கூடுதல் சோதனைக்குப் பின் விமானத்தில் ஏற அனுமதித்தார்கள். ஊர் வந்து சேர்ந்தார். இரண்டு மாதம் கழித்துப் படிப்பை முடிக்கத் திரும்பிப் போக விமான நிலையத்துக்குச் சென்றால், ஏற விடவில்லை. அவருடைய விசா ஜனவரி மாதமே ரத்துச் செய்யப்பட்டிருந்தது. அது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பட்டத்தை இங்கிருந்தபடியே முடிக்க வேண்டியதாயிற்று.

அவர் 2006 ஆம் ஆண்டு அமெரிக்கக் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். அந்த நாட்டுச் சர்க்கார், "ஜாபிதாவில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதே ராஜாங்க ரகசியம்" என்று வாதாடிற்று. கீழ்க் கோர்ட்டு வழக்கைத் தள்ளியபோது மேல் கோர்ட்டு இருமுறை அதைத் திருப்பி அனுப்பிற்று. 2013 டிசம்பரில்தான் விசாரணை நடந்தது. வழக்காடும் அம்மாள் அந்த விசாரணைக்குப் போகவும் விசா கிடைக்கவில்லை. சாட்சி சொல்லப் புறப்பட்ட மகளையும், அவர் அமெரிக்கப் பிரஜையாக இருந்துங்கூட, கோலாலம்பூரில் விமானம் ஏறவிடாமல் நிறுத்தினார்கள். ரகசியம் ரகசியம் என்று கோர்ட்டுக் கதவு பலமுறை மூடப்பட்டது. கடைசியில் 2014 ஜனவரியில் நீதிபதி வில்லியம் அல்சப் தீர்ப்புச் சொன்னார். அப்போதுதான் உண்மை வெளியாயிற்று.

உண்மை யாதெனில், 2004 நவம்பரில் ஓர் அதிகாரி ஒரு படிவத்தை நிரப்பினார். ஒருவரை எந்தெந்த ஜாபிதாவில் சேர்க்க வேண்டாமோ அவற்றுக்கு எதிரே குறியிட வேண்டும் என்பது அந்தப் படிவத்தின் விதி. அவர் விதியைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, சேர்க்க வேண்டியவற்றுக்குக் குறியிடுவதாக நினைத்துக் குறியிட்டார். விமானத்தில் ஏறக்கூடாதவர்கள் ஜாபிதாவில் அந்த அம்மாளின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணமே அல்ல. அந்தப் பேனாக் குறி தப்பான குறி என்பது அவருக்கே 2013 ஆம் ஆண்டு, வழக்கில் அவரை விசாரித்தபோதுதான் தெரிந்தது. அந்த அம்மாளால் நாட்டுக்கு எவ்வித ஆபத்தும் இருந்ததில்லை, இல்லை என்று சர்க்கார் தரப்பே ஒப்புக்கொண்டது.

சகோதரர்களே, ஒரு பேனாக் குறி. அதைத் திருத்த ஒன்பது வருஷம்! அதற்கும் வருஷக்கணக்கில் விடாமல் வாதாடிய வக்கீல்கள் வேண்டியிருந்தது. அந்த வக்கீல்களுக்குச் சேர வேண்டிய கட்டணத்தைப் பற்றிய வழக்கு 2019 ஆம் ஆண்டிலும் மேல் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. படித்த பேராசிரியைக்கு இந்தப் பாடு என்றால், நம்மைப் போல் சில்லறை வியாபாரம் செய்கிறவன் என்ன செய்வான்? நம்முடைய பெயர்களையும் நினைத்துப் பாருங்கள். முகம்மது இப்ராஹிம், அப்துல் காதர், செய்யிது அலி என்று ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறோம். இந்த நாட்டில் அடையாள அட்டை எண் நம்மைப் பிரித்துக் காட்டும். பெயரை மட்டும் பார்க்கும் அயல் தேசத்து ஜாபிதாவுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

அந்த அதிகாரியை நான் பழிக்க வரவில்லை. கை தவறுவது மனித சுபாவம். ஏனென்றால் அதே குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தாலும் அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சில வருஷங்களுக்கு முன் என் கடையில் பற்றுக்கு வாங்குகிறவர்களில் ஒரே பெயருடைய இருவர் இருந்தார்கள். ஒருவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். மற்றவர் தென்னந்தோப்புப் பக்கம் குடியிருந்து கூலிக்குப் போகிறவர். தோப்புக்காரர் வாங்கிய அரிசி, மைதா, பால்டின் எல்லாவற்றையும் என் கை தோட்டத்துக்காரர் பக்கத்தில் எழுதிவிட்டது. மாதம் முடிந்தது, தோட்டத்துக்காரர் தன் கணக்கு என்று நினைத்த அளவுக்குப் பணம் கட்டினார். என் ஏட்டிலோ அவர் பெயரில் பெரிய பாக்கி நின்றது. 'ஏமாற்றுகிறார்' என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவரிடம் கேட்டேனா? கேட்கவில்லை. முகத்துக்கு நேரே கேட்டால் சண்டை வரும் என்று நினைத்தேன். அடுத்த தடவை அவர் வந்து சர்க்கரை கேட்டபோது, "சரக்கு இல்லை, அண்ணே" என்று சொன்னேன். மூட்டை எனக்குப் பின்னால் இருந்தது. அவர் அதைப் பார்த்தார்; ஒன்றும் பேசாமல் போனார். அதோடு நான் நிற்கவில்லை. பக்கத்திலுள்ள இரண்டு கடைக்காரர்களிடமும், "இவருக்குப் பற்றுக் கொடுக்கும்போது ஜாக்கிரதை" என்று காதில் போட்டுவைத்தேன். அவர்களும் கொடுப்பதை நிறுத்தினார்கள். மழைக் காலம், தோட்டத்தில் வேலை நாள் குறைவு, வீட்டில் சிறு பிள்ளைகள். ஏழு மாதம் அப்படியே போயிற்று.

தீபாவளிக்கு முன் ஒரு நாள் அவரே வந்தார். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, "பாய், நான் என்ன தப்புப் பண்ணினேன்? அதை மட்டும் சொல்லிடுங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏட்டை எடுத்து அவர் முன் விரித்துப் போட்டேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "இந்த வாரம் பூரா நான் ஆஸ்பத்திரியில கிடந்தேனே, பாய். அப்புறம், எங்க வீட்ல மைதா மாவு வாங்குறதே இல்லை" என்றார். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். தோப்புக்காரர் பக்கம் அந்த மாதத்தில் வெறுமையாக இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது.

ஏழு மாதம் மறைத்து வைத்ததால் திருந்தாத தப்பு, அரை நிமிஷம் காட்டியதால் திருந்திற்று. நான் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். மற்ற இரண்டு கடைகளுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒருவர் ஏற்றுக்கொண்டார். மற்றவர், "எதற்கும் பார்த்துக்கொள்வோம்" என்றார். நான் ஊதிவிட்ட வார்த்தையை என்னாலேயே முழுவதும் திரும்பப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் ரஹீனாவுக்கும் இதுதான் நடந்தது. ஒரு ஜாபிதாவில் விழுந்த பெயர் இன்னொரு இலாகாவுக்குப் போயிற்று. விமானத் தடைக்குக் காரணமான குறி தப்பு என்று தெரிந்த பின்னும், விசா கொடுக்கும் இலாகாவின் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

இனி நம் மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் பெரிய ஆலிம் அல்ல. மதரஸாவில் உஸ்தாது சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்கிறேன்.

திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது தெரியுமா? சூரா பகராவின் 282 ஆவது வசனம். அது கடன் எழுதுவதைப் பற்றியது. அதாவது நம்முடைய தொழிலைப் பற்றியது. கடனைத் தவணையோடு எழுதி வைக்கச் சொல்கிறது. எழுதுகிறவன் நியாயமாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறு தொகையானாலும் எழுதச் சலிக்கக் கூடாது என்கிறது. இவற்றையெல்லாம் நாம் அறிவோம். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. எழுதுவதற்கான வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவர் அல்ல; கடன் பட்டவர். யாருக்கு விரோதமாக அந்த எழுத்து நிற்கப் போகிறதோ, அவர் வாயாலேயே அது சொல்லப்பட வேண்டும். அவர் சொல்ல இயலாதவராக இருந்தால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். ஒருவர் முதுகுக்குப் பின்னால் அவர் மேல் கணக்கு எழுதும் வழக்கத்துக்கு அந்த வசனத்தில் இடமே இல்லை.

இதைவிடப் பெரிய அத்தாட்சி ஒன்று உண்டு. சூரா பனீ இஸ்ராயீலின் 13, 14 ஆம் வசனங்களின் கருத்தைக் கவனியுங்கள். கியாமத்து நாளில் ஒவ்வொரு மனிதனுடைய செயல்களும் எழுதப்பட்ட ஏடு விரித்த நிலையில் அவனிடம் கொடுக்கப்படும். அவனுடைய ஏட்டை அவனே வாசிக்கும்படி சொல்லப்படும். சிந்தித்துப் பாருங்கள், சகோதரர்களே! அல்லாஹ் எல்லாம் அறிந்தவன். அவனுடைய ஏட்டில் பெயர் மாறாது, குறி தவறாது. யாருக்கும் காரணம் சொல்ல வேண்டிய கடமையும் அவனுக்கு இல்லை. அப்படிப்பட்டவனே, அடிமைக்கு அவனுடைய கணக்கைக் காட்டாமல் தீர்ப்புச் செய்வதில்லை. பேனா தவறும், பெயர் மாறும், உறக்கமும் மறதியும் உள்ள மனிதர்கள், "நாங்கள் எழுதியதைக் காட்டமாட்டோம், ஆனால் அதன்படி உன்னைத் தடுப்போம்" என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் யமன் நாட்டுக்குக் காஜியாக அனுப்பியபோது, வழக்குக்கு வந்த இருவரில் முதலாமவர் சொல்வதைக் கேட்டதுபோல் இரண்டாமவர் சொல்வதையும் கேட்கும் வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அறிவுறுத்தியதாக ஹதீதில் வருகிறது. சூரா ஹுஜுராத்தும் இரண்டு எச்சரிக்கைகள் செய்கிறது. நம்பத்தகாதவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்காமல் நடவடிக்கை எடுத்தால் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்து பின்னால் வருந்த நேரிடும் என்பது ஒன்று. சந்தேகத்தில் பெரும்பாலானதை விட்டு விலக வேண்டும், சில சந்தேகம் பாவமாகிவிடும், பிறர் குறைகளைத் துருவித் திரியக் கூடாது என்பது மற்றொன்று. நான் அந்தத் தோட்டத்துக்காரருக்குச் செய்ததில் இவ்விரண்டையும் மீறியிருந்தேன்.

இங்கே ஒரு சகோதரர் எழுந்து கேட்கலாம்: "நீர் சர்க்கரைக் கணக்கைப் பற்றிப் பேசுகிறீர். அவர்கள் உயிர்க் கணக்கைப் பார்க்கிறார்கள். ஆகாயத்தில் பறக்கிறதை ஒருவன் தகர்த்துவிட்டால் யார் பதில் சொல்வது?" இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. 1985 ஜூன் 23 ஆம் தேதி ஏர் இந்தியா விமானம் ஒன்று பெட்டியில் வைத்த வெடிகுண்டால் அயர்லாந்துக்கு அருகில் கடலில் விழுந்து 329 பேர் மாண்டார்கள். 2001 செப்டம்பர் 11 ஆம் தேதி நடந்ததை உலகமே பார்த்தது. அத்தகைய கொடுமையைத் தடுப்பது சர்க்காரின் கடமை. குற்றமற்ற ஓர் உயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பென்று நம்புகிற நமக்கு அதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. பெட்டியைத் திறக்கச் சொன்னால் திறப்போம். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுவோம். எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கும் சோதனையில் அவமானம் இல்லை. 2017 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு சபையும், சந்தேகத்துக்குரியவர்களின் ஜாபிதாவை எல்லா நாடுகளும் வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானம் செய்திருக்கிறது. ஆகவே ஜாபிதாவே கூடாது என்று நான் சொல்லவில்லை.

நான் சொல்வது வேறு. கவனிப்பது ஒன்று, தடுப்பது ஒன்று. கடையில் ஒருவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தால், அவரை இரண்டு முறை கூடுதலாகப் பார்க்கிறேன். அதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன் என்றால், அந்த நிமிஷமே ஏன் நிறுத்தினேன் என்று சொல்லக் கடமைப்பட்டவன் ஆகிவிடுகிறேன். ரகசியம் என்பது கையை வைக்கும் வரைதான். விமானத்தில் ஏற விடாமல் நிறுத்திய பிறகு, தன் பெயர் ஜாபிதாவில் இருக்கிறது என்பது அந்த மனிதனுக்குத் தெரிந்துவிடுகிறது. உண்மையிலேயே குற்றவாளியாக இருந்தால் காரணமும் அவனுக்கே தெரியும். இதன்பின் காரணத்தை மறைப்பதால் யாருக்கு நஷ்டம்? காரணம் தெரியாமல் நிற்கும் நிரபராதிக்கு மட்டும்தான்.

காட்டினால் காரியம் கெட்டுவிடும் என்பதும் சரியல்ல. அமெரிக்காவிலேயே 2014 ஜூன் மாதம் ஆரெகன் மாநிலத்துக் கோர்ட்டு ஒன்று, விமானத் தடைக்குள்ளான 13 பிரஜைகள் தொடுத்த வழக்கில், காரணமும் சொல்லாமல் மறுப்புச் சொல்ல வழியும் வைக்காமல் தடுப்பது அந்நாட்டு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2015 ஆம் ஆண்டு முதல், தடுக்கப்பட்ட பிரஜை விண்ணப்பித்தால் ஜாபிதாவில் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லவும், இயன்ற அளவு காரணம் தெரிவிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். இதற்கு முன் முடியவே முடியாது என்று சொன்ன காரியம்தான் அது. ஆனால் அந்த ஏற்பாடு அந்நாட்டவர்களுக்கு. நம்மைப் போன்ற அயல் நாட்டாருக்கு அல்ல.

அயல் தேசத்தைச் சொல்லிவிட்டு நம் வீட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நமது நாட்டிலும் வெளிநாடு போவதைத் தடுக்கும் ஜாபிதா உண்டு. 2016 மே 15 ஆம் தேதி, தேர்தல் சீர்திருத்தத்துக்காக உழைத்த பெர்சே இயக்கத்தின் தலைவி மரியா சின் அப்துல்லா, தென் கொரியாவில் மனித உரிமைப் பரிசு ஒன்றைப் பெற்றுக்கொள்ளப் புறப்பட்டபோது விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார். முன் அறிவிப்பும் இல்லை; காரணமும் அங்கே சொல்லப்படவில்லை. தடை பிறகு நீக்கப்பட்டாலும் அவர் வழக்கை விடவில்லை. 2021 ஜனவரி 8 ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குடிநுழைவுச் சட்டத்தின் 59ஏ பிரிவு, அந்த இலாகாவின் முடிவுகளைக் கோர்ட்டு பரிசீலிப்பதைப் பெரும்பாலும் தடுக்கிறது. அப்பிரிவு செல்லும் என்று நான்கு நீதிபதிகளும், செல்லாது என்று மூன்று நீதிபதிகளும் கருதினார்கள். நான்கு பேர் கருத்தே தீர்ப்பாயிற்று. 1979 ஆம் ஆண்டு லோ வாய் கோங் வழக்கிலேயே, அரசியல் சட்டம் கொடுக்கும் தனிமனித சுதந்திரத்தில் வெளிநாடு போகும் உரிமை அடங்காது என்று நமது கோர்ட்டு சொல்லியிருந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னதாக, 1978 ஜனவரியில், இந்தியாவின் உச்ச நீதிமன்றம் இதற்கு மாறான வழியில் போயிற்று. மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பொது நன்மைக்காக ஒப்படைக்கும்படி சர்க்கார் கேட்டு, காரணம் சொல்லவும் மறுத்திருந்தது. வெளிநாட்டுப் பிரயாணம் சுதந்திரத்தில் அடங்கியதே. அதைப் பறிக்கும் முறை நியாயமானதாக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குப் பதில் சொல்லச் சந்தர்ப்பம் வேண்டும் என்று அங்கே முடிவாயிற்று.

அரசியல் பேசுகிறவர்களுக்குத்தானே இந்தத் தொல்லை என்று வியாபாரிகளாகிய நாம் நினைக்கலாம். அதுவும் தப்பு. 1967 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 104 ஆவது பிரிவின்படி, வரி பாக்கி வைத்தவர் நாட்டை விட்டுப் போகாமல் தடுக்கும்படி வரி இலாகா குடிநுழைவு இலாகாவைக் கேட்டுக்கொள்ளலாம். அதைப் பற்றிய அறிவிப்பை நேரிலோ பதிவுத் தபாலிலோ அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இது நியாயமான விதி. ஆனால் அறிவிப்பு கைக்குச் சேரவில்லை என்பதால் தடை செல்லாமற் போகாது என்றும் சொல்கிறது. பழைய கடை முகவரிக்குப் போன கடிதம் யார் கையில் சேரும்? திவால் ஆனவர்களுக்கும் அனுமதியில்லாமல் வெளிநாடு போகத் தடை உண்டு. உயர்கல்விக் கடன் கட்டாத நம் பிள்ளைகள் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் ஒரு காலத்தில் இந்த ஜாபிதாவில் இருந்தது. 2018 ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டது. கடனையும் வரியையும் கட்ட வேண்டியது நம் கடமை. அதில் ஏய்ப்பவருக்காக நான் வாதாடவில்லை. கட்டியவரும் கட்டாதவர் பக்கத்தில் தவறி எழுதப்படலாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன். அது எப்படி நடக்கும் என்று என் ஏடு எனக்குக் காட்டிவிட்டது.

இந்த விஷயத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து, தனக்குப் பிரயாணத் தடை உண்டா என்று பார்த்துக்கொள்ளும் வசதியை நமது குடிநுழைவு இலாகா இணையத்தில் வைத்திருக்கிறது. கணக்கைச் சிறிதாவது காட்டும் வழி அது. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ ஊருக்கோ போகிறவர்கள் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடை மாறினால், வீடு மாறினால் முகவரியை இலாகாக்களுக்கு எழுதித் தெரிவியுங்கள். வரி கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். சாபா பெர்ணத்திலிருந்து விமான நிலையம் வரை குடும்பத்தோடு போய், முகப்பில் நின்று தலைகுனிவதைவிட இது எவ்வளவோ மேல்.

சர்க்காரிடம் நாம் மரியாதையோடு கேட்க வேண்டியவை அதிகமில்லை. தடுத்தால் தடுத்தோம் என்று சொல்லுங்கள். காரணத்தைச் சொல்லுங்கள்; எல்லாம் சொல்ல முடியாவிட்டால், முழுவதையும் பார்த்துச் சரிதானா என்று சொல்ல ஒரு நீதிபதிக்காவது காட்டுங்கள். பதில் சொல்லத் தவணை கொடுங்கள். தப்பு என்று தெரிந்தால், அந்தப் பெயர் போன எல்லா இடங்களுக்கும் நீங்களே போய்த் திருத்துங்கள்.

ஆனால் இதைக் கேட்கும் யோக்கியதை நமக்கு வர வேண்டுமானால், நம் கடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நம்மிடமும் ஜாபிதா இருக்கிறது. "இவனுக்குப் பற்றுக் கொடுக்காதே", "அந்த வீட்டில் சம்பந்தம் வைக்காதே", "அவன் நம்மைச் சேர்ந்தவனல்ல, ஜாக்கிரதை" என்று வாயாலேயே எழுதி, காதாலேயே வாசித்துக்கொள்ளும் ஜாபிதா அது. அதில் பெயர் ஏறியவனுக்கு நாம் காரணம் சொல்கிறோமா? அவன் பதிலைக் கேட்கிறோமா? சர்க்கார் செய்வது கொடுமை என்றால், அதையே நாம் முந்நூறு ரிங்கிட் பாக்கிக்காகச் செய்வது எந்த நியாயம்?

அந்தத் தீபாவளிக்குப் பிறகு என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் பற்று ஏட்டைத் திருப்பி, வாங்கியவர் பக்கமாக வைத்துவிடுகிறேன். அவர் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகே கூட்டிப் போடுகிறேன். வாசிக்கத் தெரியாதவருக்கு அவர் பிள்ளையை வைத்து வாசிக்கச் சொல்கிறேன். இதனால் எனக்கு நஷ்டம் வந்ததில்லை. இரண்டு முறை என் தப்பு வெளியாகி இருக்கிறது. ஒரு முறை எனக்கு வர வேண்டியதே அதிகமாக வந்தது.

உம்ராவுக்குப் போன சகோதரர் அல்ஹம்துலில்லாஹ் நல்லபடியாகப் போய்த் திரும்பி, பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார். அன்று அவர் சொன்ன பழமொழிக்கு அப்போதுதான் பதில் சொன்னேன். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லைதான். ஆனால் மடியைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் வழியில் நிற்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உன் ஏட்டில் என் பக்கத்தையும் எடு, பார்ப்போம்" என்றார். எடுத்துக் காட்டினேன். சரியாக இருந்தது.

நம் ஏடுகளை நேர்மையாக எழுதவும், கேட்டவருக்குத் திறந்து காட்டவும், நாளை நம் ஏடு நம் கையில் கொடுக்கப்படும்போது தலைகுனியாமல் வாசிக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.